பழங்கல்லின் புதுப்படி

முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு கணினி விளையாட்டின் மூலநிரலைத் திறந்து, பழுது நீக்கி, தமிழும் பேசவைத்த ஒரு கார்த்திகை மாதத்து அநுபவம்

திருவண்ணாமலைக்கு வருவோர் கிழக்கு வாயிலில் 11 நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள்; விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் முடித்துவைத்த அந்தக் கோபுரத்துக்கு அவ்வியப்பு தகும். ஆனால், வட ஒத்தவாடைத் தெருவில் குடியிருக்கும் என் கண்ணுக்கு நாள்தோறும் முதலில் தென்படுவது வடக்கு வாயிலிலுள்ள அம்மணி அம்மன் கோபுரமே. பாதியில் நின்றுபோயிருந்த அந்தத் திருப்பணியை, செங்கத்துக்கு அருகிலுள்ள சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்னும் துறவி ஏற்றுக்கொண்டு, வீடு வீடாகச் சென்று யாசித்த பொருளைக் கொண்டே 171 அடி உயரத்துக்கு நிறைவேற்றினார் என்பது இவ்வூரார் அனைவரும் அறிந்த வரலாறு. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வதற்கு அரசராய் இருக்கவேண்டியதில்லை. பணியின்மேல் பிரியமும், அதில் கைவைக்கும் உரிமையும் இருந்தால் போதும். சென்ற கார்த்திகையில் அதே பாடத்தை, நான் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து, ஒரு பழைய கணினி விளையாட்டின் மூலநிரலிலிருந்து, மறுபடியும் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினி

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அதற்கடுத்த ஆண்டு பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகளுக்கும் ஒரு மடிக்கணினி கிடைத்தது. அதனுள் விண்டோஸோடு கூட, சென்னை ஸி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் வைக்கப்பட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம் என்ற அநுமதியோடு வந்த அந்த இரண்டாவது வாசலை எங்கள் வீட்டில் அக்காலத்தில் எவரும் திறந்து பார்க்கவில்லை. கல்லூரிக் காலம் முடிந்ததும் மடிக்கணினி பரணேறிவிட்டது.

இப்போது அவள் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை. தீபத் திருவிழா விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், பரணிலிருந்து அதை இறக்கித் துடைத்து, பாட்டரி போய்விட்டபடியால் வயரைச் சொருகியே உயிர்ப்பித்து, 64 பிட் லினக்ஸ் ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எதற்கு இந்தப் பிரயாசை என்று கேட்டேன்.

"எங்க பசங்க நல்லா புரோகிராம் எழுதறாங்க, சித்தப்பா. ஆனா இன்னொருத்தர் எழுதினதை முழுசா படிச்சவங்க ஒருத்தர்கூட இல்லை. படிக்கறதுக்கு ஒண்ணைத் தயார் பண்ணப் போறேன்" என்றாள்.

அந்தப் பதிலின் நியாயம் என் மனத்தைத் தொட்டது. நாலு நூலைக் கற்காமல் நூல் செய்யப் புகுந்தவனை நம் முன்னோர் புலவன் என்று ஏற்றதில்லை. நிரல் எழுதும் கலையில் மட்டும் நாம், பிறர் எழுதியதை ஊன்றிப் படிக்கும் பயிற்சியே இல்லாத ஒரு தலைமுறையை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அரிசியும் மாவும்

அவள் தேர்ந்துகொண்டது 'டூம்' என்னும் விளையாட்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து இட் ஸாஃப்ட்வேர் என்ற சிறு ஸ்தாபனம் அதை 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. அசுரர்களைச் சுட்டு வீழ்த்தும் குருதி மிகுந்த ஆட்டமாகையால், சிறுவர்கள் ஆடுவதற்கு அதை நான் சிபாரிசு செய்யவில்லை; அவளும் வகுப்பில் ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு, நிரலைத்தான் படிக்கவைக்கப் போகிறாள். கட்டடத்துள் நடந்த கூத்து எதுவாயினும், கட்டிய கொத்தனின் கைத்திறன் கற்கத் தக்கதாகவே இருக்கக்கூடும்.

கணினியை அறியாத வாசகருக்கு ஒரு விளக்கம் அவசியம். நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய மூலநிரல். அதைக் கம்பைலர் என்னும் கருவி, இயந்திரம் ஒன்றுக்கே விளங்கும் எண்வரிசையாக மாற்றித் தருகிறது. அரிசியை மாவாக அரைக்கலாம். அரைத்த மாவிலிருந்து அரிசியைப் பொறுக்கி எடுக்க முடியாது. கடைக்கு வரும் விளையாட்டெல்லாம் அரைத்த மாவு. வாங்கியவர் அதைச் சுட்டுத் தின்னலாமேயன்றி, எந்த அரிசி, எத்தனை உழக்கு என்பதை அறியவோ, தம் வாய்க்கேற்பப் பக்குவத்தை மாற்றவோ அவருக்கு வழியில்லை.

ஆனால் டூம் விளையாட்டைப் படைத்தவர்களுள் தலையாய நிரலாளரான ஜான் கார்மாக், அதன் மூலநிரலை 1997 டிசம்பர் 23 அன்று உலகத்துக்கே திறந்துவைத்தார். அதை ஒழுங்குபடுத்தி வெளியீட்டுக்கு ஆயத்தம் செய்தவர் பெர்ன்ட் க்ரைமியர். பெரும்பாலோர் ஆடிய டாஸ் இயங்குதள வடிவத்தை வெளியிட இயலாமற்போயிற்று. அதில் ஒலிக்காகச் சேர்த்திருந்த பகுதி வேறொருவருக்குச் சொந்தமானது. ஆகவே லினக்ஸ் வடிவமே வெளிவந்தது. முதலில் வியாபாரத்துக்கு உதவாத கட்டுப்பாட்டோடு வந்த அந்நிரல், 1999-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் மறுபடியும் வழங்கப்பட்டு, முழு அர்த்தத்தில் கட்டற்ற நிரலாயிற்று. சித்திரங்களும் மாளிகை அமைப்புகளும் அடங்கிய 'வாட்' என்னும் கோப்பு மட்டும் இந்த உரிமத்துக்குள் வரவில்லை. எனினும் முதற்பகுதியின் 9 கட்டங்கள் அடங்கிய ஷேர்வேர் கோப்பை எவரும் இலவசமாகப் பெறலாம். முழுவதும் சுதந்திரமான சித்திரங்களே வேண்டுமென்போருக்கு, 'ஃப்ரீடூம்' என்ற பெயரில் தொண்டர்கள் வரைந்து சேர்த்தவை உண்டு.

கம்பைலரின் முறையீடு

மூலநிரல் இருந்த அடைவுக்குள் சென்று, 'மேக்' என்ற ஒரே கட்டளையை அவள் தட்டினாள். பழைய நிரலைப் புதிய கணினியில் கம்பைல் செய்வது அத்தனை சுலபமாயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமேது? கணத்துக்குள் திரை நிறைய எரர் செய்திகள் வந்து குவிந்தன. அச்சமடைந்தவன் நான், அவளோ முதற் செய்தியை மட்டும் நிதானமாகப் படித்தாள். முதல் பிழையின் குட்டிகளே மற்றவற்றுட் பல என்பது இத்தொழிலில் உள்ளோர் அறிந்த சூக்ஷ்மம்.

முதற் பிழை நகைப்பூட்டும் அளவுக்குச் சிறியது. திரைக்குரிய கோப்பில், பிழை எண்களைத் தரும் துணைக்கோப்பின் பெயர் தேவையற்ற ஓர் 'எஸ்' எழுத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயரில் கோப்பு எதுவும் இன்றைய லினக்ஸில் இல்லை. அந்த ஓர் எழுத்தை நீக்கியவுடன் கம்பைலர் அடுத்த படிக்கு நகர்ந்து, அதைவிட ஆழமான வேறொரு முறையீட்டை முன்வைத்தது. ஒரு குறையைத் தீர்த்த பிறகே அடுத்த குறையைச் சொல்லும் அந்தக் கருவியின் இயல்பு, நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கும் வைத்தியரை எனக்கு நினைவூட்டிற்று.

நான்கும் எட்டும்

ஆழமான குறையின் காரணம் காலம். டூம் எழுதப்பட்ட நாளில், நினைவகத்தில் ஓர் இடத்தின் விலாசத்தைக் குறிக்க 4 பைட் போதும். சாதாரண முழு எண்ணுக்கும் அதே 4 பைட். ஆகவே விலாசத்தை எண்ணாகவும், எண்ணை விலாசமாகவும் மாற்றி மாற்றி எடுத்தாள அக்கால நிரலாளர் தயங்கவில்லை. இன்றைய 64 பிட் கணினியிலோ விலாசம் 8 பைட். எண் பழையபடி 4 பைட். எட்டுப் படி கொள்ளும் சரக்கை நாலு படிக் கலத்தில் கொட்டினால் பாதி கீழே சிந்தத்தானே செய்யும்? ஆட்டத்தின் விருப்பத்தேர்வுகளை வைத்திருக்கும் அட்டவணையில், எண்ணுக்குரிய இடத்தில் எழுத்துத்தொடரின் விலாசம் இடப்பட்டிருந்தது. கம்பைலர் அதை ஏற்க மறுத்தது. அந்தத் தகராற்றை ஒரு பகலில் தீர்த்தாள்.

கம்பைலர் கண்டு சொல்லும் பிழை உபகாரி. சொல்லாத பிழையே சத்துரு. எரர் அனைத்தும் நீங்கி ஆட்டம் உருவானபின், அதை இயக்கிய மறுகணமே அது மூர்ச்சையாகி விழுந்தது. இரண்டு நாள் அவள் காரணம் தேடினாள். மலையில் தீபம் எரிந்துகொண்டிருந்த அந்த இரவுகளில், கிரிவலம் போகும் ஜனங்களின் ஓசை தெருவில் அடங்காதிருக்க, மாடியறையில் அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சென்றதை நான் அருகிருந்து பார்த்தேன். கடைசியில் அகப்பட்டது இதுதான்: சுவர்ச் சித்திரங்களைப் பற்றிய விவரத்தைக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளும் ஒரு சட்டகத்தில், எவருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு பழைய விலாச இடம் விடப்பட்டிருந்தது. கோப்பில் அது 4 பைட். புதிய கணினியோ அதை 8 பைட்டாகக் கொண்டு, அதன் பின்னிருந்த அத்தனை விவரங்களையும் இடம் பிசகிப் படித்தது. அந்த இடத்தைச் சாதாரண எண் என்று அறிவித்ததும் சுவர்கள் நிமிர்ந்தன. அதே கோப்பில், விலாசங்களுக்கு இடம் ஒதுக்கும்போது 'நான்கால் பெருக்கு' என்று எழுதியிருந்த வரிகளையும், விலாசத்தின் உண்மையான அளவால் பெருக்கும்படி அவள் திருத்தினாள்.

அதன் பின்னும் திரை வாய்த்தபாடில்லை. 320-க்கு 200 புள்ளிகள் என்ற சிறு செவ்வகத்தில், ஒரே சமயத்தில் 256 நிறங்களை மட்டுமே காட்டவல்ல திரையை அந்த நிரல் கேட்கிறது. கோடிக்கணக்கான நிறங்களைக் காட்டும் இன்றைய திரையைக் கண்டு அது மறுத்து நின்றுவிடுகிறது. ஸெஃபைர் என்ற கருவியைக் கொண்டு, திரைக்குள்ளே 256 நிறத் திரை ஒன்றை எழுப்பி, அதற்குள் ஆட்டத்தை ஓடவிட்டாள். ஒலிக்கென்று தனி நிரல் ஒன்று உண்டு. அது நாடும் பழைய ஒலிவாசல் இன்றைய லினக்ஸில் இல்லாமையால், ஆட்டம் முதலில் மௌனமாகவே ஓடிற்று.

சரியாகத்தான் ஓடுகிறதா என்று எப்படி அறிவது? அதற்கு அந்த விளையாட்டுக்குள்ளேயே ஓர் அற்புதமான உரைகல் இருக்கிறது. ஷேர்வேர் கோப்பில், அந்நாளில் ஆடிப் பதிந்த ஆட்டங்கள் சில உண்டு. அவை சலனப்படங்கள் அல்ல. நொடிக்கு 35 முறை, முன்னே, பக்கவாட்டில், திரும்பல், பொத்தான் என்ற நான்கே பைட்டுகளாக, ஆடியவரின் கையசைவுகள் மட்டும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நிமிஷ ஆட்டத்துக்கு 8,400 பைட். அந்த அசைவுகளை மறுபடியும் ஊட்டினால், ஆட்டம் முழுவதும் பழையபடியே நிகழவேண்டும். அதற்காகவே, தற்செயலாகத் தோன்றும் நிகழ்ச்சிகளுக்கும் 0, 8, 109 என்று தொடங்கும் 256 எண்களின் நிலையான பட்டியல் ஒன்றிலிருந்தே எண்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறார்கள். பின்னக் கணக்குக்குத் தனி உறுப்பில்லாத அக்காலக் கணினிகளுக்காக, ஒன்று என்பதை 65,536 என்று கொண்டு எல்லாக் கணக்கையும் முழு எண்ணிலேயே முடித்திருக்கிறார்கள். ஆகவே எந்த இயந்திரத்திலும் விடை இம்மியும் மாறாது. திருத்தியவர் எங்கேனும் தவறியிருந்தால் மட்டும், பதிவிலுள்ள வீரன் சிறிது நேரத்தில் வழிதவறிச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான்.

வெளியிடப்பட்ட நிரலின் பதிப்பெண் 110. பதிவுகளின் எண் 109. எண் மாறுபட்டதும் பதிவை ஆட்டம் தள்ளிவிட்டது. அந்த ஓர் எண்ணை மாற்றிக் கம்பைல் செய்து மறுபடி ஓட்டினாள். திரையில் வீரன் ஓடினான், கதவு திறந்தது, திரும்பினான், சுட்டான், எங்கும் முட்டவில்லை. உலகின் மறுகோடியில் பல்லாண்டுகளுக்கு முன் ஒருவர் விசைகளின்மேல் ஓட்டிய விரல்கள், எங்கள் மாடியறையில், அரசாங்கம் ஒரு மாணவிக்குக் கொடுத்த மடிக்கணினியில் மறுபடியும் அசைந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது என்று எழுத நான் கூசவில்லை.

அறுபத்து மூன்று எழுத்துகள்

பழுது நீங்கிய பிறகே அவளுக்குத் தன் விருப்பப்படி மாற்றும் ஆசை எழுந்தது. திரையில் வரும் செய்திகளெல்லாம் நிரலில் மொழிக்கொரு கோப்பாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலத்துக்கு ஒன்று, ஃபிரெஞ்சுக்கு ஒன்று. மூன்றாவதாகத் தமிழுக்கு ஒன்று இருந்தால் என்ன? 'இக்கதவைத் திறக்க நீலச் சாவி வேண்டும்' என்று எழுதி, கம்பைல் செய்து, கதவருகே சென்று நின்றாள். திரையில் எழுத்தே தோன்றவில்லை, வெற்றிடமே நீண்டது.

காரணம், அந்த ஆட்டத்தின் எழுத்துக் குடும்பம் மொத்தம் 63 பேர் கொண்டது. ஆச்சரியக் குறியில் தொடங்கி அடிக்கோட்டில் முடியும் அதில், ஆங்கிலத்தின் சிற்றெழுத்துகளுக்கே இடமில்லை. எல்லாவற்றையும் பேரெழுத்தாக்கியே காட்டுகிறது. தான் அறியாத பைட் ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி அகலம் இடம்விட்டுக் கடந்துவிடுகிறது. யூனிகோட் குறிமுறையில், 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறிகள், யூ.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆகப் பதினைந்து பைட். ஆகவே 320 புள்ளி அகலமுள்ள அத்திரையில் நம் மொழியின் பெயர் 60 புள்ளி அகலமுள்ள ஒரு சூனியமாய்த் தோன்றிற்று. எவருடைய துவேஷத்தாலும் நேர்ந்ததன்று அது. நம்மை நினைக்காமல் செய்த ஒரு பெட்டியில் நமக்கு அறை இல்லை, அவ்வளவே. ஆனால் பெட்டி திறந்திருந்தபடியால், அறையை நாமே கட்டிக்கொள்ளலாம்.

கட்டிய விதமும் சொல்லத் தக்கது. யூனிகோட் தமிழுக்கு வந்து வேரூன்றுமுன், 1990-களின் இறுதியில், உலகெங்குமுள்ள தமிழர் கூடி 'திஸ்கி' என்ற குறிமுறையை உருவாக்கினார்கள். அதில் கொம்பும் காலும் கொக்கியும் உள்ளிட்ட ஒவ்வொரு வடிவுக்கும் ஒரே பைட். கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே அவை அடுக்கப்படும். 'கொ' என்பதில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். ஒரு பைட்டுக்கு ஒரு வடிவம் என்ற டூம் ஆட்டத்தின் பழைய வழக்கமும் அதுவே. இன்று வழக்கொழிந்த அந்தக் குறிமுறை இந்தப் பழைய ஆட்டத்தின் பூட்டுக்குச் சாவிபோலப் பொருந்தியது. எழுத்தட்டவணையை 63-லிருந்து விரித்து, பேரெழுத்தாக்கும் வரியைத் தமிழுக்கு விலக்கி, யூனிகோடில் எழுதிய செய்திகளைக் கம்பைல் செய்யுமுன் திஸ்கியாக மாற்றும் சிறு நிரல் ஒன்றையும் அவள் சேர்த்தாள். எட்டுப் புள்ளி உயரத்தில் 'ண'வும் 'ஞ'வும் நசுங்கிப்போயின. பன்னிரண்டு புள்ளிக்கு உயர்த்தி ஒவ்வொன்றாக வரைந்தோம். நான் அறிந்த வித்தை எழுத்து ஒன்றே ஆகையால், புள்ளி வைத்து எழுத்து வரையும் அந்தப் பணியில் எனக்கும் பங்கு கிடைத்தது. முகப்புப் பட்டியலின் சொற்கள் முன்னரே சித்திரங்களாக இருப்பதால், 'புதிய ஆட்டம்' என்று வரைந்து அவ்விடத்தில் வைப்பதோடு முடிந்தது.

பெயருக்குக் கீழே ஒரு வரி

நம் நாட்டில் செங்கல் தளிகளைக் கற்றளிகளாகப் புதுப்பித்த காலத்தில் ஒரு சீரிய சம்பிரதாயம் இருந்தது. பழைய சுவரை நீக்குமுன், அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதிய சுவரில் மறுபடியும் வெட்டுவித்து, இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தார்கள். திருக்கோடிகாவில் செம்பியன் மாதேவியார் செய்த திருப்பணியில், தமக்கு முன்னிருந்த அரசர்களின் தர்மங்களைக் கூறும் சாஸனங்கள் இவ்வாறே புதுக்கல்லில் ஏறின. புதுப்பிக்கிற அதிகாரம் கையிலிருந்தும், முன்னோன் பெயரை அழித்துத் தம் பெயரை எழுதிக்கொள்ளாத அந்தப் பண்பை நான் பன்முறை எண்ணி வியந்ததுண்டு.

ஜி.பி.எல். உரிமம் அதையே விதியாக வைத்திருக்கிறது. எவரும் திருத்தலாம், ஆனால் மூல ஆசிரியரின் பெயரை எடுக்கக்கூடாது, திருத்திய கோப்பில், தான் திருத்தியதையும் திருத்திய நாளையும் குறிக்கவேண்டும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கினால், தான் பெற்ற அதே உரிமையோடு வழங்கவேண்டும். இந்த விதியின் நிழலிலேயே டூம் ஆட்டத்துக்குக் கணக்கற்ற புதுப்படிகள் தோன்றின. அவற்றுள் ஸைமன் ஹோவர்ட் 2005-இல் தொடங்கிய 'சாக்லெட் டூம்', பழைய ஆட்டத்தின் குறைகளைக்கூடக் குறையாமல் காப்பாற்றுவதைத் தன் விரதமாகக் கொண்டது.

தமிழ்நாட்டில் இந்த மரபுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் 1998 முதல் கூடிவரும் லினக்ஸ் பயனர் குழுவும், நமக்கு அடுத்த விழுப்புரத்தில் இயங்கும் குழுவும், கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதுவதற்கென்று 2012-இல் பிறந்த 'கணியம்' இதழும், வீடு வீடாகச் சென்று அறிவை யாசித்தும் ஈந்தும் வருகின்றன. ஆயினும், இலட்சக்கணக்கான மடிக்கணினிகளோடு கிராமங்கள்வரை சென்றடைந்த அந்த உரிமையை எத்தனை பேர் எடுத்து ஆண்டோம் என்று எண்ணும்போது, எங்கள் வீட்டுப் பரணையும் சேர்த்தே எனக்கு வருத்தம் மேலிடுகிறது. புதிய கணினி வாங்கும் சக்தி இல்லாமையைவிட, கையிலிருப்பதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் தைரியம் இல்லாமையே பெரிய வறுமை. ஒவ்வொரு பள்ளியிலும், ஒரு வகுப்பு ஓராண்டில் ஒரு பழைய நிரலையாவது முழுவதும் படித்து, ஒரு பிழையையாவது நீக்கி, மறுபடி கம்பைல் செய்து பார்க்குமானால், பிறர் அரைத்துத் தந்த மாவுக்குக் கையேந்தி நிற்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு இராது.

விடுமுறையின் கடைசி மாலை, திருத்திய கோப்புகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றின் தலைப்பிலும், 1993 என்ற ஆண்டோடு அந்த ஸ்தாபனத்தின் பெயர் இருந்தது. அதைத் தொடாமல், அதற்குக் கீழே, தேதியையும், 'விலாச அளவு திருத்தப்பட்டது', 'தமிழ் எழுத்துகள் சேர்க்கப்பட்டன' என்ற குறிப்புகளையும், இறுதியில் தன் பெயரையும் எழுதினாள். எழுத்துகள் வரைந்த கோப்பில் என் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். அறுபது வயதில், ஒரு திருப்பணியின் சுவரில் ஒரு வரி இடம் கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் பெயருக்குக் கீழே, என் பெயருக்கும் கீழே, இனி வருகிறவருக்காக இடம் இருக்கிறது.